ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, வலி இருக்கிறது

நெஞ்சுவலி என்று வரும் பெண்ணைப் பெரும்பாலும் முதலில் டிரெட்மில்லில் நடக்கவிடுவார்கள். நடக்க நடக்க ஈசிஜி கோடு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் இந்த டிஎம்டி, பெண்களிடம் அடிக்கடி சறுக்கும். அடைப்பு இல்லாதபோதும் கோடு இறங்கும். முழங்கால் வலியால் பாதியில் நின்றுவிட்டாலோ, முடிவே கிடைக்காது.

அடுத்து ஸ்பெக்ட் ஸ்கேன். டெக்னீசியம் கலந்த ஊசி மருந்து ரத்தத்தோடு போய் இதயத் தசையில் தங்கும். அங்கிருந்து கிளம்பும் காமா கதிர்களைக் கேமரா பிடிக்கும். ரத்தம் எட்டாத இடம் மங்கலாகத் தெரியும். ஆனால் நடுவில் உள்ள மார்பகத் திசுவும் கதிர்களில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், நன்றாக இருக்கும் முன்சுவரும் மங்கித் தெரியலாம். அதோடு, பெண்களின் இதயம் பொதுவாகச் சிறியது. அதில் உண்மையான குறை கேமராவின் கண்ணுக்குத் தப்பிவிடும். பிரிட்டனின் சிஇ-மார்க் ஆய்வில், நோயுள்ள பெண்களில் சுமார் 51 சதவீதம் பேரைத்தான் ஸ்பெக்ட் கண்டுபிடித்தது. எம்ஆர்ஐ சுமார் 89 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சும் இல்லை. செலவுதான் கூடுதல்.

மருந்தோ நடையோ கொடுத்து இதயத்தை வேகப்படுத்திப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவிலும் கதிர்வீச்சு கிடையாது. எடுப்பவரின் கைப்பழக்கத்தை நம்பியது அது.

சிடி ஆஞ்சியோ ரத்தக் குழாயையே படம் பிடிக்கிறது. பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை என்று அது சொன்னால் நம்பலாம். கதிர்வீச்சு மார்பகத்தின்மேல் விழுவதால், இளம்பெண்களுக்கு யோசித்தே எடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதற்குப் பிறகு நடப்பது. ஆஞ்சியோ சுத்தமாக இருந்தால், ‘மனசுதான் காரணம்’ என்று எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே கடைமடை காய்வதில்லையா? படத்தில் தெரியாத நுண்குழாய்கள் விரியாவிட்டாலும் தசை ரத்தத்துக்குத் தவிக்கும். 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய வைஸ் ஆய்வு, அடைப்பில்லாமல் வலியோடு வாழும் பெண்கள் பலரிடம் இந்தக் கோளாறைக் கண்டது. பின்னாளில் மாரடைப்பு வரும் அபாயமும் அவர்களுக்குக் கூடுதல்.

இங்கேதான் பெட் ஸ்கேன் கைகொடுக்கிறது. மார்பகத் திசு விழுங்கிய கதிர்களையும் கணக்கில் சேர்த்துச் சரிசெய்துவிடும். ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் போகிறது என்றும் அளக்கும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் ஓட்டம் இரண்டு மடங்குகூட ஏறவில்லை, பெரிய குழாய்களிலும் அடைப்பில்லை என்றால், கோளாறு கடைமடையில் இருக்கிறது. அதற்கு மருந்தும் உண்டு.