ஒரு நாளுக்கு 16 ரூபாய்: பீன்யா தையல் பெண்களும் பன்னாட்டுக் கம்பெனிகளும்

காலை எட்டு மணிக்குப் பீன்யா பக்கம் போய் நின்று பாருங்கள். கையில் டிபன் கேரியர், கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் சாரிசாரியாகத் தும்கூர் ரோட்டைக் கடந்து போவார்கள். கன்னடம், தெலுங்குக்கு நடுவே நம் தருமபுரி, கிருஷ்ணகிரித் தமிழும் காதில் விழும். கார்மென்ட்ஸில் டெய்லர், ஹெல்பர், செக்கிங் என்று பாடுபடுகிறவர்கள். இவர்கள் தைக்கும் சட்டை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய கடைகளில் தொங்குகிறது.

சட்டையில் கறை இருந்தால் யாரிடம் கேட்பது என்று காலரில் உள்ள லேபிள் சொல்லிவிடும். தைத்தவள் கூலியில் குறை இருந்தால் யாரிடம் கேட்பது? இதற்கு நம் கர்நாடகத்திலேயே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது.

இங்கே குறைந்தபட்சக் கூலியோடு பஞ்சப்படியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி அது மாறும். 2020 ஏப்ரலில் கார்மென்ட்ஸ் தொழிலாளிக்கு மாதம் 417 ரூபாய் கூடுதலாக வந்திருக்க வேண்டும். கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி அந்த உயர்வை மாநில அரசு ஜூலையில் தள்ளிவைத்தது. வழக்கு கர்நாடக ஐகோர்ட்டுக்குப் போனது. உயர்வை நிலுவையோடு கொடுக்க வேண்டும் என்று செப்டம்பரில் கோர்ட்டு சொன்னது. அப்படியும் பெரும்பாலான தொழிற்சாலைகளில் பணம் வரவில்லை.

26 நாள் வேலைக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 16 ரூபாய். இதற்கா இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசு ஊழியர்களாகிய எங்களுக்கும் 2020-ல் பஞ்சப்படி உயர்வு நின்று, 2021 ஜூலையில்தான் மீண்டும் வந்தது. மாதச் சம்பள ரயில்வே குமாஸ்தா வீட்டிலேயே அப்போது கணக்கு உதைத்தது. வாடகை கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பும் தையல் பெண்ணுக்கு 417 ரூபாய் என்பது பிள்ளையின் பால் கணக்கு. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்கிறது அமெரிக்காவிலுள்ள ஒர்க்கர் ரைட்ஸ் கன்சோர்ஷியம் என்ற அமைப்பு. பெருக்கிப் பார்த்தால் மாதம் 16 கோடி ரூபாய்க்கு மேல்!

அந்த அமைப்பு கணக்கெடுத்து, சரக்கு வாங்கும் கம்பெனிகளின் கதவைத் தட்டியது. 2021 டிசம்பரில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் செய்தி வந்தது. நைக்கி, பூமா, ஸாரா, ஹெச் அண்ட் எம் போன்ற பெயர்கள் அதில் அடிபட்டன. 2022 தொடக்கத்தில், நாட்டின் மிகப் பெரிய ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர்களில் ஒன்றான ஷாஹி நிறுவனம் நிலுவையைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். கோர்ட்டு சொல்லி ஓராண்டுக்கு மேலாகியும் வராத பணம், சரக்கு வாங்குகிறவன் முகம் சுளித்ததும் வந்துவிட்டது. அப்படியானால் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பது விளங்கவில்லையா?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்புக்கென்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்குக் கட்டடம், ஊருக்குக் குடிநீர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் சொந்தத் தொழிலாளிகளுக்கென்றே செய்யும் செலவை அந்தக் கணக்கில் எழுத முடியாது. கூலி தர்மம் அல்ல, கடன். கடனைத் தீர்க்காமல் தர்மம் செய்கிறவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வெறும் வாக்குறுதி போதாது என்பதற்குத் திண்டுக்கல்லே சாட்சி. 2021-ல் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் பெண் கொலையுண்டாள். அதன் பிறகு பெண் தொழிலாளர்களின் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் ஹெச் அண்ட் எம் கம்பெனியோடும் ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தத்தை ஆலை மீறினால் சரக்கு வாங்கும் கம்பெனி வியாபாரத்தில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். சுவரில் மாட்டிய கொள்கை அறிக்கைக்கும் கையெழுத்திட்ட காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண் ஒருவர் பீன்யாவில் பத்து வருஷத்துக்கு மேல் தைக்கிறார். நிலுவை வந்ததா என்று கேட்டேன்.

"அரியர்ஸ் குடுத்தப்போ நான் அந்தக் கம்பெனியில இல்ல அண்ணா. பையனுக்கு உடம்பு சரியில்லன்னு நின்னுட்டேன். போய்க் கேட்டா, நீ இங்க வேலை செஞ்சதுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டாங்க."

"சம்பளச் சீட்டு இல்லையாம்மா?"

"அது பின்னாடி பால் கணக்கு எழுதி எழுதித் தூக்கிப் போட்டுட்டேன்."

கேட்ட எனக்கு நெஞ்சு கனத்தது. இப்போது இருக்கும் கம்பெனியில் மாதாமாதம் சீட்டை வாங்கிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறாராம்.

வாசகர்களே, வீட்டில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். சம்பளச் சீட்டை எறியாதீர்கள். ஏப்ரல் மாதச் சீட்டில் பஞ்சப்படி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். லேபிளில் உள்ள கம்பெனியின் பெயரையும் குறித்து வையுங்கள். என்றாவது ஒருநாள் அதுவும் கணக்குக்கு வரும்.