உறுப்பறிந்து கணினி அமைத்தல்

ஏரில் மாடு பூட்டும் உழவர் இரண்டு மாடுகளின் வலிமையையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். ஒன்று வலியதாகவும் மற்றொன்று மெலிந்ததாகவும் இருந்தால் ஏர் நேரே செல்லாது. அதன் நடையும் மெலிந்த மாட்டின் நடையாகவே அமையும். விரைந்து தொழிற்படும் மேசைக் கணினி ஒன்றைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்ள விரும்புவோர் முதற்கண் அறிய வேண்டுவதும் இதுவே. கடையில் உள்ளவற்றுள் விலை மிக்க செயலியை வாங்கி, எஞ்சிய சிறு தொகையைக்கொண்டு ஏனைய உறுப்புகளை நிரப்புவோர் உளர். அவர்தம் கணினி விலைக்கேற்ற விரைவைக் காட்டுவதில்லை. எந்த உறுப்புப் பிறவற்றைக் காத்திருக்கச் செய்கின்றதோ, அவ்வுறுப்பின் விரைவே கணினியின் விரைவு ஆகிவிடுகின்றது.

வேறு வேறு நிறுவனங்கள் செய்த உறுப்புகளை வாங்கி ஒன்றுசேர்க்க இயல்வது எங்ஙனம்? அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனம் 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் செயலி இன்டெல் நிறுவனத்தார் செய்த 8088 என்பது. ஏனைய உறுப்புகளிலும் பல வெளியாரிடம் வாங்கப்பட்டவை. அக்கணினியின் மின்சுற்றுப் படங்களையும் ஐ.பி.எம். நூலாக அச்சிட்டு விற்றது. அதனால் பிறரும் அதற்குப் பொருந்தும் அட்டைகளைச் செய்யலாயினர். விரைவில் அதனோடு ஒத்தியங்கும் முழுக் கணினிகளையே செய்யலாயினர். பின்னர் 1995-இல் இன்டெல் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் அளவு முறையை வகுத்தது. மதர்போர்டு எனக் கடைகளில் வழங்கும் தாய்ப்பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையதாக இருக்கலாம். திருகுகளுக்கான துளைகள் இன்ன இன்ன இடங்களில் இருத்தல் வேண்டும் என்று அம்முறை வரையறுத்தது. ஒரு நாட்டிற் செய்த பலகை பிறிதொரு நாட்டிற் செய்த பெட்டியுள் இன்றும் பிசகாமல் பொருந்துவது இதனாலேயே ஆகும். ஆயினும் கணினியின் எல்லா இணைப்புகளும் இவ்வாறு பொதுமுறைக்குள் அடங்கிவிடவில்லை. அதனால் நேரும் இடர் பின்னர்ப் புலனாகும்.

உறுப்புகளின் விலைப்பட்டியலைக் கையில் எடுக்குமுன் கணினி செய்ய வேண்டிய வேலை யாது என்பதைத் தெளிதல் வேண்டும். ‘விளையாட்டுக்கு’ என்று மட்டும் கூறுதல் போதாது; எத்தகைய திரையில் விளையாட்டு நிகழும் என்பதும் தெரிதல் வேண்டும். கிடையில் 1920 புள்ளிகளும் நெடுக்கில் 1080 புள்ளிகளும் உடைய திரையில் மொத்தம் 20,73,600 ஒளிப்புள்ளிகள் உள்ளன. ‘4கே’ என வழங்கும் திரையிலோ கிடையில் 3840, நெடுக்கில் 2160, மொத்தம் 82,94,400. இது முன்னதைப்போலச் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடுவது கிராபிக்ஸ் அட்டையின் கடமை. எறிந்த பந்து எதன்மேல் பட்டது, ஓடும் வண்டி எங்கே திரும்பியது என்று முடிவு செய்வது செயலியின் கடமை. புள்ளிகள் பெருகினால் அட்டையின் சுமை பெருகும். செயலியின் சுமை பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே, 4கே திரை உடையவர் பணத்தின் பெரும்பகுதியை அட்டைக்குச் செலவிடுதல் தகும். சிறிய திரையில் நொடிக்கு 200 படங்களுக்குமேல் காண விழைபவர் செயலிக்கும் நினைவகத்திற்கும் மிகுதியாக ஒதுக்க வேண்டும். திரையை எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்குவது பலர் வழக்கம். முதலில் முடிவு செய்ய வேண்டியது அதுவே.

செயலியைத் தேர்வோர் அதனுள் எத்தனை ‘கோர்கள்’ உள்ளன என்று எண்ணிப் பார்ப்பர். கோர் என்பது தனித்துக் கணக்கிட வல்ல ஒரு பகுதி. எட்டுக் கோர்களை உடையதனினும் பதினாறு கோர்களை உடையது இரு மடங்கு விரைவுடையது என்று எண்ணுதல் இயல்பு. அஃது எப்போதும் உண்மையாவதில்லை. திருமண வீட்டில் காய் நறுக்கும் வேலையைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து தரலாம். உலையில் வேகும் சோற்றைப் பத்துப் பேர் சேர்ந்தாலும் விரைவில் வேகவைக்க இயலாது. கணக்கீட்டிலும் பகிரத் தக்க பகுதியும் தகாத பகுதியும் உள என்பதை ஜீன் ஆம்டால் என்னும் கணினி வல்லுநர் 1967-இல் எடுத்துக்காட்டினார். ஒரு கோர் 100 நிமிடத்தில் முடிக்கும் வேலை ஒன்றில் 10 நிமிட வேலை பகிர முடியாதது என்று கொள்க. எட்டுக் கோர்கள் சேர்ந்தால் அவ்வேலை 21 நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். பதினாறு சேர்ந்தால் 15½ நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். கோர்கள் இரட்டித்தும் மிச்சமாவது 6 நிமிடத்திற்கும் குறைவு. ஆயிரம் கோர்கள் இருப்பினும் அவ்வேலை 10 நிமிடத்திற்குள் முடியாது. முப்பரிமாணப் படங்களுக்கு ஒளியும் நிழலும் ஏற்றும் வேலையோ ஏறக்குறைய முற்றிலும் பகிரத் தக்கது. அத்தொழில் செய்பவருக்குக் கோர்கள் மிகுந்த செயலி தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

கோர்களின் எண்ணிக்கையையும் துடிப்பின் விரைவையும் கடந்து மற்றொன்று உண்டு. 4.5 கிகாஹெர்ட்ஸ் விரைவில் இயங்கும் செயலி ஒரு நொடியில் 450 கோடி முறை துடிக்கின்றது. ராம் எனப்படும் நினைவகத்திலிருந்து அதற்கு ஓர் எண் வந்து சேர 70 அல்லது 80 நானோ நொடிகள் ஆகின்றன. நானோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. இச்சிறு பொழுது மிகக் குறைவாகத் தோன்றினும், அதற்குள் செயலி 300 முறைக்கு மேல் துடித்துவிடும். அத்துடிப்புகள் வீணே கழியக் கூடும். சமைப்பவர் ஒவ்வொரு கடுகுக்கும் பண்டசாலைக்கு எழுந்து சென்றால் தாளிப்பது எப்போது? அதற்காகவே அடுப்பருகில் அஞ்சறைப் பெட்டி வைக்கப்படுகின்றது. செயலியினுள் அவ்வாறு அமைந்த சிறு நினைவகமே ‘கேஷ்’ ஆகும்.

இதன் பயனை ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ‘ரைசன் 7 5800எக்ஸ்3டி’ என்னும் செயலி உலகறியக் காட்டியது. அதற்கு முன் வந்த 5800எக்ஸ் செயலியிலும் எட்டுக் கோர்களே. இதிலும் எட்டுக் கோர்களே. முன்னதன் உச்ச விரைவு 4.7 கிகாஹெர்ட்ஸ்; புதியதன் விரைவு 4.5 மட்டுமே. எண்களை மட்டும் நோக்குபவர் பழையதையே வாங்குவர். ஆனால், புதியதில் 32 மெகாபைட் கேஷின்மேல் மற்றுமொரு 64 மெகாபைட்டை மாடி கட்டியதுபோல் அடுக்கி 96 மெகாபைட் ஆக்கியிருந்தனர். விளையாட்டுகள் பலவற்றில் அது தன் முன்னோனை எளிதாக வென்றது. படங்களுக்கு ஒளி நிழல் ஏற்றும் வேலையிலோ சிறிது பின்தங்கியது. அவ்வேலைக்குப் பெரிய அஞ்சறைப் பெட்டியால் பயன் மிகுதி இல்லை. ஒரே செயலி ஒருவருக்குச் சிறந்ததாகவும் மற்றொருவருக்குச் சற்றே தாழ்ந்ததாகவும் ஆயிற்று.

அச்செயலியின் வரலாற்றில் தாய்ப்பலகையைத் தேர்வோருக்கும் ஒரு செய்தி உண்டு. செயலி அமரும் பொருத்துக்கு ‘சாக்கெட்’ என்று பெயர். ‘ஏ.எம்.4’ என்னும் சாக்கெட்டுடன் முதல் ரைசன் செயலிகள் 2017-இல் வந்தன. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்டுக்கு உரியது. ஐந்தாண்டுகளுக்கு முன் வாங்கிய பலகை உடையோர் பலர், பலகையின் உள்நிரலாகிய ‘பயாஸ்’ என்பதை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, செயலியை மாற்றிப் புது விரைவு பெற்றனர். இதே காலத்தில் இன்டெல் செயலிகளின் சாக்கெட் 2020-இலும் 2021-இலும் மாறியது. செயலியை மாற்ற விரும்பியவர் பலகையையும் சேர்த்து மாற்ற நேர்ந்தது. எனவே, பலகை வாங்குபவர் அதில் இன்று அமரும் செயலியை மட்டும் கருதாது, நாளை அமரக் கூடியதையும் கருத வேண்டும். பலகையிலேயே செயலிக்கு மின்சாரத்தைச் சீர்செய்து தரும் பகுதி உறுதியாக உள்ளதா என்று பார்த்தலும் நன்று.

நினைவகத்தை ஒரே துண்டாக வாங்குவது சிக்கனம் போலத் தோன்றும். 16 கிகாபைட் வேண்டுமாயின் 8 கிகாபைட் துண்டுகள் இரண்டாக வாங்குதலே முறை. டி.டி.ஆர். 4 வகையில் 3200 என்னும் விரைவுடைய துண்டு ஒன்று நொடிக்கு 25.6 கிகாபைட் செய்தியைச் சுமக்க வல்லது. இரண்டு துண்டுகள் இரு வழிகளில் 51.2 கிகாபைட் சுமக்கும். நான்கு பொருத்துகள் உள்ள பலகையில், செயலிக்கு அடுத்ததிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் அவற்றைச் செருகுதல் பெரும்பாலும் வழக்கம். வாங்கிய விரைவு தானாகவே கிடைத்துவிடும் என்றும் நம்புதற்கில்லை. பல பலகைகள் அத்துண்டுகளை முதலில் குறைந்த விரைவிலேயே இயக்கும். பயாஸிற் சென்று ‘எக்ஸ்.எம்.பி.’ என்னும் அமைப்பைத் திறந்தால்தான் முழு விரைவு வரும். இதனை அறியாமல் ஆண்டுக்கணக்கில் குறைந்த விரைவிலே நினைவகத்தை ஓட்டுவோரும் உளர்.

சேமிப்பகத்தைப் பற்றிச் சுருங்கக் கூறினாற் போதும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டு, வேண்டிய இடம் ஊசியின்கீழ் வருதற்கே சராசரியாக 4 மில்லி நொடி காக்க வேண்டும். சுழலும் பகுதி ஒன்றும் இல்லாத எஸ்.எஸ்.டி. அதே செய்தியை மில்லி நொடியின் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே தந்துவிடும். வட்டை விடுத்து எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் விளையும் வேறுபாட்டை யாவரும் உணர்வர்; நல்ல எஸ்.எஸ்.டி.யை விடுத்து அதனினும் விலை மிக்கதற்கு மாறினால் விளையும் வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை.

எல்லாவற்றினும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்வழங்கிப் பெட்டியே. விரைவைக் கூட்டாத பொருளுக்குப் பணம் செலவிட மனம் வருவதில்லை போலும். ஆயினும் ஏனைய உறுப்புகள் அனைத்தின் உயிரும் அதன் கையில் உள்ளது. கிராபிக்ஸ் அட்டை சராசரியாக இழுக்கும் மின்சாரத்தினும் மிகுதியாகக் கணப்பொழுதில் இழுப்பதுண்டு. அத்தாக்குதலைத் தாங்க மாட்டாத பெட்டி, விளையாட்டின் நடுவே கணினியை அணைத்துவிடும். ‘80 பிளஸ்’ என்னும் முத்திரையைச் சிலர் உறுதிக்குச் சான்றாகக் கொள்வர். அம்முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் வருகின்றது என்பதையே அளக்கின்றது. 450 வாட் தரும் பெட்டி நூற்றுக்கு 90 பங்கு திறம் உடையதாயின் சுவரிலிருந்து 500 வாட் எடுக்கும். எஞ்சிய 50 வாட் வெப்பமாகும். பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அறிய அதன் உத்தரவாதக் காலத்தை நோக்குதல் நன்று.

பொதுமுறைக்குள் அடங்காத இணைப்பு இப்பெட்டியிலேதான் உள்ளது. கழற்றி மாட்டத் தக்க கம்பிகளை உடைய பெட்டிகள் இப்போது மிகுதி. அக்கம்பியின் ஒரு முனை வட்டிலோ எஸ்.எஸ்.டி.யிலோ பொருந்துவது, அது பொதுமுறைப்படி அமைந்தது. மறுமுனை பெட்டியிற் பொருந்துவது. எந்தத் துளையில் எத்தனை வோல்ட்டு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துள்ளது. வடிவம் ஒன்றாயிருப்பதால் பழைய பெட்டியின் கம்பி புதிய பெட்டியிலும் எளிதிற் செருகிவிடும். ஆனால், 5 வோல்ட்டு வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டு வரக் கூடும். அங்ஙனம் வந்தால், சேமிப்பகமும் அதில் பல்லாண்டு சேர்த்துவைத்த எழுத்துகளும் குடும்பப் படங்களும் ஒரு நொடியில் அழிந்துபடும். புதிய பெட்டி வாங்கும்போது பழைய கம்பிகளை அனைத்தையும் கழற்றிவிடுதல் வேண்டும். உழைப்பை மிச்சம் பிடிக்கத் தகுந்த இடம் இதுவன்று.

மின்சாரத்தின் அளவும் எளியதன்று. புதிய கிராபிக்ஸ் அட்டைகளின் ஒற்றைச் செருகி 600 வாட் வரை சுமக்க வகுக்கப்பட்டது. 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர் ஆகும். 2022-இன் இறுதியில் இத்தகைய செருகிகள் சில உருகிய செய்தி வெளியாயிற்று. முழுவதும் உட்செலுத்தாமல் அரைகுறையாகச் செருகியது ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. 2023-இல் செருகியின் அமைப்பும் திருத்தப்பட்டது. அட்டையை வாங்குபவர் செருகியை இறுதிவரை அழுத்திப் பார்ப்பதோடு, பெட்டியின் மூடி அக்கம்பியை வளைத்து நெருக்கவில்லை என்பதையும் உறுதி செய்தல் நலம். அட்டையின் நீளம் 300 மில்லிமீட்டரைத் தாண்டுவதும் உண்டாதலால், கேபினட் எனப்படும் புறப்பெட்டியை வாங்குமுன் அளவுகோலால் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

இழுத்த மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாகின்றது. இவ்வெப்பமே செயலிகளின் வரலாற்றையும் திருப்பியது. துடிப்பின் விரைவைக் கூட்டிக்கொண்டே செல்ல முயன்ற இன்டெல், வெப்பத்தை அடக்க இயலாமல் 2004-இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. 2005 முதல் இரட்டைக் கோர் செயலிகள் மேசைக் கணினிகளுக்கு வந்தன. இன்றைய செயலி 95 அல்லது 100 பாகை வெப்பத்தை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே விரைவைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய விரைவு அப்போது காற்றில்லாமையால் கைவிட்டுப் போகின்றது. முன்புறம் கண்ணாடியால் அடைக்கப்பட்ட பெட்டியினும் துளைகள் நிறைந்த பெட்டி சிறந்தது. முன்புற விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, பின்புற விசிறி வெளியே தள்ள வேண்டும். வண்ண விளக்குகள் பொருந்திய விசிறிகள் கண்ணுக்கு இனியவைதாம். விளக்கினால் காற்று மிகுதியாக வருவதில்லை.

செயலி புதியதாயின் பயாஸைப் புதுப்பித்தபின் வேலை தொடங்குவதே தக்கது. இன்டெல்லின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகளுட் பல, அளவு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலை தடுமாறின. 2024-இல் அந்நிறுவனம் திருத்திய நுண்நிரலைப் பலகைகளின் வழியே வழங்கியது. உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. ஆனால், அத்திருத்தம் சேதம் நேராமற் காக்க வல்லதேயன்றி, முன்னரே நேர்ந்த சேதத்தை நீக்க வல்லதன்று.

உறுப்புகள் யாவும் பொருத்தி முடிந்ததும் முதன்முறை விசையை அழுத்தும்போது விசிறிகள் சுழலும். திரையோ இருண்டே இருக்கும். டி.டி.ஆர். 5 நினைவகம் உடைய கணினிகளில் இவ்விருள் சில நிமிடங்கள் நீடிப்பதும் உண்டு. பலகை அப்பொழுது நினைவகத் துண்டுகளுக்கு ஏற்ற காலக் கணக்கைச் சோதித்துக்கொண்டிருக்கின்றது. ஏதோ பழுது என்று அஞ்சி இடையில் மின்சாரத்தை நிறுத்தினால், அது மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும்.