பல்லிழைச் செயலிப் பாவனையில் வேக ஆதாயமும் அதன் எல்லையும்: சக்தி செயலிச் சூழலை முன்வைத்து

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த ஆணைத்தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. 2018இல் அக்குடும்பத்தின் 'ரைஸ்கிரீக்' சில்லு 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் வடிக்கப்பட்டு, அதில் லினக்ஸ் இயக்கிக் காட்டப்பட்டது. எனினும் சில்லோ பலகையோ எல்லாக் கல்லூரிகளுக்கும் எட்டுவதில்லை. ஆய்வாளர் பலருக்கு ஆய்வுக்கூடமாக அமைவது, சாதாரண இன்டெல் கணினியில் ரிஸ்க்-ஃபைவ் செயலியைப் பாவனை செய்யும் கியூஎமு என்னும் மென்பொருளே ஆகும்.

விருந்தினர், புரவலர் ஆகிய இரு கணினிகளின் ஆணைத்தொகுதியும் ஒன்றாயின், மெய்நிகர் கணினியின் ஆணைகள் செயலியிலேயே நேரடியாக இயங்கும். வேறுபடின், ஒவ்வோர் ஆணைத்துண்டும் புரவலரின் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு இயங்க வேண்டும். 2003இல் ஃபெப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கியூஎமுவில் இப்பெயர்ப்பு நெடுங்காலம் ஒற்றை இழையிலேயே நிகழ்ந்தது. நான்கு கருக்கள் கொண்ட செயலியைப் பாவனை செய்தாலும், அவை ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்தே இயங்கின. புரவலரிடம் எட்டுக் கருக்கள் இருந்தாலும் ஏழு வாளாவிருந்தன.

2017 ஏப்ரலில் வெளியான 2.9 பதிப்பு இந்நிலையை மாற்றியது. ஒவ்வொரு பாவனைக் கருவுக்கும் தனி இழை கிடைத்தது. பெயர்ப்புப் பணிக்கே இருந்த பொதுப்பூட்டு 2018இல் நீக்கப்பட்டது. ஆயினும் கருக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வேகம் பெருகிவிடும் எனக் கருதுதல் தவறு. சாதனங்களை அணுகும்போது இழைகள் யாவும் ஒரே பெரும்பூட்டுக்குக் காத்திருக்கின்றன. ஒரு பணியில் பத்தில் ஒன்பது பங்கு இணையாக இயங்கத்தக்கது எனக் கொண்டால், அம்டால் விதிப்படி நான்கு கருக்களில் கிடைப்பது ஏறத்தாழ 3.08 மடங்கே. வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை மிகுதியாகப் பயன்படுத்தும் பணிகளில் இது மேலும் குறையும்.

சக்தியைப் பொறுத்தவரை இதில் ஒரு முரண் உண்டு. 2021இல் 6.1 பதிப்பில் கியூஎமுவில் சேர்ந்த 'சக்தி சி' இயந்திரம் ஒரேயொரு சி வகைக் கருவையே காட்டுகிறது. ஆதலின் பல்லிழை முறையால் அதற்குப் பயன் இல்லை. பல்கரு நிரல்களைச் சோதிக்க விரும்புவோர் 'விர்ட்' என்னும் பொது ரிஸ்க்-ஃபைவ் இயந்திரத்தையே நாட வேண்டும். அவ்வாறு பெறும் முடிவைச் 'சக்தியில் சோதிக்கப்பட்டது' என எழுதுதல் பொருந்தாது.

வேகத்தினும் நுட்பமானது நினைவக ஒழுங்கு. ரிஸ்க்-ஃபைவின் இயல்பான விதி தளர்வானது. ஒரு கரு எழுதிய மதிப்புகள் மற்றொரு கருவுக்கு வேறு வரிசையில் புலப்படலாம். இன்டெல் செயலியின் விதியோ இறுக்கமானது. தளர்ந்த விருந்தினரை இறுகிய புரவலர்மேல் இயக்குதல் பாதுகாப்பானது. கூடுதல் தடையாணைகள் பெரிதும் தேவைப்படுவதில்லை என்பதால் வேகமும் குன்றுவதில்லை. இதன் மறுதலையான, இன்டெல் விருந்தினரை ஆர்ம் புரவலர்மேல் இயக்கும் நிலையில், 2.9 பதிப்பு இயல்பாக ஒற்றை இழையையே தேர்ந்தது.

இப்பாதுகாப்பே ஆய்வாளரை ஏமாற்றவும் கூடும். தடையாணை இட மறந்த பிழையான நிரல் பாவனையில் ஆயிரம் முறை சரியாக ஓடி, மெய்ச்சில்லில் சிதையலாம். எதிர்நிலையும் உண்டு. ரிஸ்க்-ஃபைவில் ஓரிடத்தை முன்பதிவு செய்து படித்து, இடையில் எவரும் அதில் எழுதவில்லையெனில் மட்டும் எழுதும் ஆணை இணை உண்டு. கியூஎமு இதை மதிப்பொப்பீட்டால் நிறைவேற்றுகிறது. இடையில் மற்றொரு கரு 5ஐ 7ஆக்கி மீண்டும் 5ஆக்கினால், மெய்ச்சில்லில் அவ்வெழுத்து தோற்கும், பாவனையில் வென்றுவிடும். பூட்டற்ற தரவுக் கட்டமைப்புகளை ஆய்வோருக்கு இது சிறு வேறுபாடு அன்று.

நேர அளவீட்டிலும் கவனம் தேவை. ஆணைகளை எண்ணிக் காலத்தைக் கணிக்கும் முறையைக் கியூஎமுவில் இயக்கினால் பல்லிழை முறை விலக்கப்படும். இரண்டும் ஒன்றாக இயங்கா. பல்லிழையில் இழைகளின் முறைவரிசையைப் புரவலரின் இயங்குதளமே தீர்மானிப்பதால், ஒரே சோதனை இருமுறை ஒரே வரிசையில் நிகழாது. தற்காலிக நினைவகத்தின் தாமதமோ ஆணைக்குழாயின் தடங்கலோ இங்குப் பாவனை செய்யப்படுவதும் இல்லை. எனவே, பாவனையில் ஒரு வழிமுறை மற்றொன்றினும் இருமடங்கு விரைந்தது என்பது புரவலர் கணினியைப் பற்றிய செய்தியே அன்றி, ரிஸ்க்-ஃபைவ் செயலியைப் பற்றியது அன்று. ஆய்வேட்டில் அத்தகைய அட்டவணை இடம்பெறின், புரவலரின் செயலி, கருக்களின் எண்ணிக்கை, கியூஎமு பதிப்பு, இழை முறை ஆகிய நான்கும் அதனருகே குறிக்கப்பட வேண்டும்.