பந்தும் பாடமும்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சொல்லும் செய்தி

"பையன் நன்றாக விளையாடுகிறான், காலேஜில் சுலபமாக இடம் கிடைத்துவிடும்" என்று சொல்லும் பெற்றோர் நம் சங்கக் குடும்பங்களிலும் உண்டு. அமெரிக்காவில் குடியேறிவிட்ட நம் பிள்ளைகளின் வீடுகளிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. விளையாட்டுத் திறமைக்காகச் சேர்க்கப்படும் மாணவனிடம் கல்லூரி எவ்வளவு படிப்பை எதிர்பார்க்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு நீண்ட காலமாக மல்லுக்கட்டி வருவது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். அந்தக் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அல்ல. இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து ஆளோடு ஆள் மோதுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,000 பேர் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசு ஊழியர்களில் அதிகச் சம்பளம் வாங்குபவர் கவர்னர் அல்ல, பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளர்! இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில், ஆடுகிறவன் ஒரு மாணவன் என்பது எளிதில் மறந்துபோகிறது.

பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் தொழில்முறை அணிகளில் சேர முடியாது. ஆகவே பெரிய ஆட்டக்காரனாக விரும்பும் பையனுக்குக் கல்லூரிதான் வழி. கல்லூரிகளில் ஆடுவோர் 70,000 பேருக்கு மேல். ஆனால் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் தேர்வு முறையில் எடுப்பதோ சுமார் 250 பேரைத்தான். தகுதி பெற்று நிற்பவர்களிலும் நூற்றுக்கு இரண்டு பேர் கூட அந்தப் படியைத் தாண்டுவதில்லை. மற்றவர்களுக்குக் கையில் மிஞ்ச வேண்டியது படிப்பு ஒன்றுதான்.

விதிகள் வந்த விதம்

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் சங்கத்துக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். ஃபுட்பால் மைதானங்களில் மாணவர்கள் அடிபட்டு இறந்ததால் எழுந்த கூக்குரலில், 1906-ல் தோன்றிய அமைப்பு இது. உயிரைக் காக்கத் தொடங்கிய சங்கம், படிப்பைக் காக்கும் விதிகளுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1965-ல் கொண்டுவந்த ஒரு விதியை 1973-ல் கைவிட்டு, பள்ளியில் சராசரி 2.0 இருந்தால் போதும் என்றார்கள். அங்கே மதிப்பெண் சராசரியை 4-க்குக் கணக்கிடுவார்கள், 2.0 என்பது 'சி' தரம். எந்தப் பாடத்தில் அந்தச் சராசரி என்று யாரும் கேட்கவில்லை.

இதன் விளைவு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அடிப்படை ஆங்கில வகுப்பிலேயே தேறாத ஒன்பது ஃபுட்பால் வீரர்களை 1981-ல் வழக்கமான படிப்புக்கு மாற்றினார்கள். 1982 புத்தாண்டு அன்று நடந்த 'சுகர் பௌல்' பெரும் போட்டியில் அவர்கள் ஆட வேண்டுமே! இதை எதிர்த்துக் கேட்ட ஜான் கெம்ப் என்ற ஆசிரியை வேலையை இழந்தார். அந்த அம்மையார் வழக்குப் போட்டார். அந்தப் பையன்களைப் பல்கலைக்கழக மாணவர்களாக ஆக்க முடியாவிட்டாலும், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் குப்பை அள்ளாமல் தபால் ஆபீசிலாவது வேலை பார்ப்பார்கள் என்ற பொருளில் பல்கலைக்கழகத்தின் வக்கீல் வாதாடினார். அந்த வாதமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 1986-ல் ஜூரிகள் ஆசிரியைக்கு 25 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு வழங்கினார்கள். பின்னர் அது சுமார் 11 லட்சமாகக் குறைக்கப்பட்டது. அவருக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

அதே 1986-ல்தான் 'பிரபோசிஷன் 48' என்ற புகழ்பெற்ற விதி அமலுக்கு வந்தது. பள்ளியில் 11 முக்கியப் பாடங்களில் சராசரி 2.0 வேண்டும்; எஸ்.ஏ.டி. என்ற நாடு தழுவிய தேர்வில் 1600-க்கு 700 வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் முதல் ஆண்டு ஆடக்கூடாது. விதி எல்லா விளையாட்டுக்கும் பொது. ஃபுட்பால் அணிகளில் ஆட்கள் அதிகம் என்பதால் அங்கே சூடும் அதிகம்.

இரண்டு பக்கமும் நியாயம்

இந்த விதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். நல்ல பள்ளிக்கூடம் தராமல், நல்ல மதிப்பெண் மட்டும் கேட்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். 1989-ல் விதியை மேலும் இறுக்கி, அப்படிப்பட்டவர்களுக்கு உதவித்தொகையே கிடையாது என்று தீர்மானித்தபோது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்ப்ஸன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அரங்கை விட்டு வெளிநடப்புச் செய்தார். மறு ஆண்டே அந்தத் தீர்மானம் தளர்த்தப்பட்டது.

ஆனால் 1975-ல் விம்பிள்டன் வென்ற ஆர்தர் ஆஷ், அவரும் கறுப்பினத்தவர்தான், கடுமையான விதியை ஆதரித்தார். குறைவாகக் கேட்டால் பிள்ளைகள் குறைவாகவே உழைப்பார்கள் என்பது அவர் கட்சி.

அதே 1989-ல் டெக்ஸ்டர் மேன்லி என்ற பிரபல ஃபுட்பால் வீரர் அமெரிக்க செனட் குழுவின் முன் கண்ணீரோடு சாட்சி சொன்னார். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடியவர் அவர். தனக்குச் சரியாகப் படிக்கத் தெரியாமலே கல்லூரியைக் கடந்து வந்ததாகச் சொன்னார். தொழில்முறை ஆட்டத்தின் உச்சியில் இருந்த அவர், பிறகுதான் ஒரு பள்ளியில் சேர்ந்து வாசிக்கக் கற்றார். தாம்ப்ஸன், ஆஷ் இருவரில் யார் சொன்னது சரியானாலும், மேன்லிக்கு நடந்தது சரியென்று யாரும் சொல்ல முடியாது.

முள் நகர்ந்தது, அழுத்தம் ஏறவில்லை

அதன்பின் விதிகள் பலமுறை மாறின. முக்கியப் பாடங்கள் 11-லிருந்து 13, 14, கடைசியில் 16 ஆயின. 2003-லிருந்து, பள்ளிச் சராசரி 3.55 இருந்தால் எஸ்.ஏ.டி.யில் 400 போதும் என்றார்கள். அந்தத் தேர்வில் பரீட்சை எழுதப் போன எவருக்கும் கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணே 400! 2016-லிருந்து முதல் பிரிவுக் கல்லூரிகளில் உடனே ஆடுவதற்கு முக்கியப் பாடச் சராசரி 2.3 ஆக உயர்ந்தது. 2023 ஜனவரியில் எஸ்.ஏ.டி. நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள்.

உள்ளே வந்த பிறகும் கணக்கு உண்டு. பட்டத்துக்கான படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும் என்பது 2003-ல் வந்த விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் இடையில் பாடப்பிரிவை மாற்றினால் சதவீதம் குறைந்து ஆட்டம் போய்விடும். அதனால் எஞ்சினியரிங்கோ விஞ்ஞானமோ படிக்க ஆசைப்படும் பையனையும் சுலபமான பிரிவுக்குத் தள்ளும் போக்கு வளர்ந்தது.

உச்சமாக வந்தது வடக்கு கரோலினா பல்கலைக்கழக விவகாரம். 1993 முதல் 2011 வரை அங்கே ஒரு துறையில் வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன. ஒரே ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதைத் திருத்தி நல்ல மதிப்பெண் போட்டவர் பேராசிரியர் அல்ல, அலுவலகக் காரியதரிசி! இப்படிப் பயனடைந்தவர்கள் 3,100 பேர். ஏறத்தாழ பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். 2014-ல் விசாரணை அறிக்கை எல்லாவற்றையும் வெளியிட்டது. ஆனால் 2017-ல் என்.சி.ஏ.ஏ. தண்டனை ஏதும் விதிக்கவில்லை. அந்தப் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே வீரர்களுக்கான தனிச் சலுகை என்று சொல்ல முடியாது என்பது காரணம்.

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பாய்லரின் அழுத்தமானியில் முள்ளைக் கையால் தள்ளி வைத்தால் நீராவியின் அழுத்தம் கூடிவிடாது. 2.0 என்றாலும் 2.3 என்றாலும் அது வெறும் முள். வகுப்பில் பாடம் நடந்ததா, பையன் உட்கார்ந்து படித்தானா என்பதுதான் நீராவி. விதி இறுகும் போதெல்லாம், படிப்பை உயர்த்துவதற்குப் பதிலாக எண்ணை உயர்த்தும் வழி தேடினார்கள். அதற்காக விதியே வேண்டாம் என்பதல்ல. ஜார்ஜியா கதை விதி தளர்வாக இருந்த காலத்துக் கதை. விதியும் வேண்டும், ஜான் கெம்ப் போல "தேறவில்லை" என்று சொல்லும் ஆசிரியரும் வேண்டும், அப்படிச் சொல்பவருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

நம் வீட்டுக்கு

2021-லிருந்து வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். பணம் வருவது தவறல்ல. அவர்கள் உழைப்பால் வந்த பணம்தானே! ஆனால் பத்தொன்பது வயதில் பை நிறைந்தால் புத்தகம் கனமாகத்தான் தெரியும். இனி இந்தப் பிரச்னை குறையாது.

நம் ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த அருமையான பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஆடும் காலத்திலேயே இலாகா பரீட்சைகளை எழுதியவர்கள், முழங்கால் விட்டுப்போன பிறகும் படிப்படியாக உயர்ந்தார்கள். ஆட்டமே போதும் என்றிருந்தவர்கள் சேர்ந்த இடத்திலேயே நின்றார்கள்.

அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். முதல் பிரிவுக் கல்லூரிக்கான 16 பாடங்களில் ஆங்கிலம் 4, கணிதம் 3, விஞ்ஞானம் 2, சமூகவியல் 2 என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. அவற்றில் 10 பாடங்களைப் பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். அதன்பின் அந்தப் பாடங்களைத் திரும்ப எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முடியாது. கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

இங்கே இருப்பவர்களுக்கும் அதேதான். பிள்ளை மைதானத்துக்குப் போகட்டும், தடுக்க வேண்டாம். மார்க் ஷீட்டைப் பார்த்துத் திருப்தி அடையாமல், இந்த வாரம் என்ன பாடம் நடந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆட்டத்தால் ஒரு குறையும் வராது.