வட்டும் அரங்கும்

அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஒலுவில் துறைமுகப் பக்கமாகச் சிறிது நடந்து வருவது என் வழக்கம். வெளிச்சவீட்டையும் கடலையும் பார்த்தபடி நடந்தால், பகல் முழுவதும் வகுப்பறையிற் பேசிய களைப்புத் தீரும். அவ்வாறு சென்ற ஒரு மாலையிலே, கவிழ்த்து வைத்த மீன்பெட்டி ஒன்றின்மீது கைத்தொலைபேசி ஒன்றைக் கிடத்தி, அதன் இருபுறமும் எதிரெதிரே குந்தியிருந்த இரண்டு இளைஞர்களைக் கண்டேன். இருவரும் என்னிடம் தமிழ் கற்றவர்கள். விரல்கள் கண்ணாடியின்மேல் மின்னலாக ஓடின. ஒருவன் கூவினான், மற்றவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன மகன் இது?" என்றேன்.

"ஹொக்கி, சேர். மேசையில காத்துல மிதக்குமே, அது போல. இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி இவனுக்கு. வட்டு நம்மட வாயிலுக்குள்ள விழாமப் பாக்கணும்."

'வட்டு' என்ற அச்சொல் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. கைத்தொலைபேசி விளையாட்டுக்கள் பிள்ளைகளைத் தனியர்களாக்கும் என்று பெற்றோர் கூட்டங்களிற் பலமுறை முழங்கியவன் நான். ஆயினும், ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஒரு சொல் மீன்பெட்டியின் மேலிருந்து எழுந்து வரும்போது ஒரு தமிழாசிரியன் எவ்வாறு விலகிச் செல்வான்?

நற்றிணையின் மூன்றாம் பாட்டிலே இளங்கீரனார் ஒரு காட்சி வைக்கிறார். பாலைநிலத்து வேப்பமரத்தின் புள்ளிபட்ட நிழல். அங்கே சிறுவர் சிலர் பொன்னுரைக்கும் கட்டளைக் கல்லைப் போலத் தரையில் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். திருவள்ளுவரும் கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளில் இவ்விளையாட்டையே உவமையாக எடுக்கிறார். நிரம்பிய நூலறிவின்றி அவையிற் பேசப் புகுவது, அரங்கு வகுக்காமல் வட்டாடுவதை ஒக்கும் என்பது அவர் கருத்து. வட்டு எளிதிற் கிடைக்கும், நெல்லிக்காயும் போதும். அரங்கோ, ஆடுவோர் தாமே வகுத்து இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டியது. அது இல்லையேல் ஆட்டமே இல்லை.

இளைஞர்கள் ஆடிய ஆட்டத்தின் மூலம் அமெரிக்காவிலே பிறந்தது. பிரன்ஸ்விக் என்னும் பில்லியட் மேசை நிறுவனத்தின் பொறியியலாளர் 1969ஆம் ஆண்டு உராய்வு இல்லாத ஒரு விளையாட்டு மேசையை ஆக்க முனைந்தனர். மேசைப் பரப்பெங்கும் நுண்துளைகள். கீழிருந்து ஊதப்படும் காற்று அவற்றின் வழியே எழுந்து இலேசான பிளாஸ்டிக் வட்டை ஏந்தி நிற்கும். தட்டினால் அது வழுக்கிக்கொண்டு பறக்கும். 1970களின் தொடக்கத்திற் சந்தைக்கு வந்த இம்மேசைக்கு 'ஏர் ஹொக்கி' என்று பெயர். முதலில் ஏழு கோல் அடித்தவர் வென்றவர் என்பது போட்டி விதி.

காற்றுக்குப் பதிலாகப் போரிக் பவுடரைத் தூவி உராய்வை வெல்லும் கரம் ஆட்டத்தை நாம் அறிவோம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, சுற்றிலும் சட்டம், எதிரில் ஓர் ஆள். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய நம் ஊர்களிலே கரம் பலகையைச் சுற்றிக் கூடாத இளைஞர் தலைமுறை உண்டா? 1988ஆம் ஆண்டு சென்னையில் அனைத்துலகக் கரம் சம்மேளனம் உருவாயிற்று. 2012இற் கொழும்பில் நடந்த உலகப் போட்டியிலே நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ ஆடவர் தனியாட்டத்தில் வாகை சூடினார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலே வடசென்னை ஓட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகிய காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். நெல்லிவட்டு இவ்வளவு தூரம் உருண்டு வந்திருக்கிறது.

இனி மின்திரைக்கு வருவோம். திரை விளையாட்டு என்றவுடன், இருட்டறையிலே தனித்திருந்து பொறியோடு பொருதும் ஒரு பிள்ளையின் உருவமே நம் மனத்தில் எழுகிறது. அதன் பிறப்போ அவ்வாறன்று. 1958ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், பார்வையாளர் நாளுக்காக வில்லியம் ஹிகின்பொதம் என்ற அறிஞர் அலைகாட்டி ஒன்றின் சிறு வட்டத்திரையிலே ஒளிப்புள்ளியைப் பந்தாக்கி ஓடவிட்டார். முன்னர் அணுகுண்டு ஆக்கத்திற் பங்கேற்றுப் பின்னர் அணுவாயுதப் பரவலைத் தடுக்கப் பாடுபட்டவர் அவர். அவ்விளையாட்டுக்கு வழங்கும் பெயரே 'இருவருக்கான டெனிஸ்' என்பதாகும். 1972இல் அட்டாரி நிறுவனத்துக்காக அலன் அல்கோர்ன் அமைத்த 'பொங்' என்ற பொறியிலும் இரண்டு திருகுகள் இருந்தன. ஒருவர் மட்டும் ஆட வழியே இல்லை. காசு இருந்தாற் போதாது. கூட நிற்க ஓர் ஆளும் வேண்டும். மட்டையை எட்டுக் கூறாக வகுத்து, எக்கூறிற் பட்டது என்பதற்கேற்பப் பந்தின் கோணம் மாறுமாறு அல்கோர்ன் செய்த ஏற்பாடே அவ்வெளிய ஆட்டத்துக்கு நுட்பம் அளித்தது.

மனிதன் பொறியோடு தனித்துப் பொரும் ஆட்டங்கள் பின்னரே பெருகின. 1978இல் ஜப்பானில் தோன்றிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அவற்றுட் பேர்பெற்றது. வலையமைப்பு வந்தபின், எதிராளி எங்கோ ஒரு நாட்டில் முகமற்ற பெயராக மறைந்தான். ஆயினும் பழைய முறை அழியவில்லை. 1994இல் டேட்டா ஈஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 'வின்ட்ஜாமர்ஸ்' ஆட்டத்திலே, நடுவில் வலை கட்டிய களத்தில் இருவர் பறக்கும் வட்டை எறிந்து பிடிப்பர். சுவரில் மோதித் திரும்பும் வட்டின் போக்கு ஏர் ஹொக்கியை நினைவூட்டும். அந்நிறுவனம் 2003இல் முறிந்துபோயிற்று. ஆட்டமோ மறக்கப்படவில்லை, 2022இல் வேறு நிறுவனம் ஒன்று அதன் இரண்டாம் பாகத்தை வெளியிட்டது. பழைய பாணியில், ஒரே திரைமுன் இருவர் அமர்ந்து ஆடும் ஆட்டங்களை ஆக்குவோர் இன்றும் உலகெங்கும் உளர்.

அவ்வாக்கத்தில் உள்ள ஓர் இடர்ப்பாட்டை இளைஞர்களில் மூத்தவன் எனக்கு விளக்கினான். கணினி கற்றவன் அவன். திரையில் வட்டு தொடர்ந்து ஓடுவதில்லை. பொதுவாக விநாடிக்கு அறுபது முறை அதன் இடம் புதிதாகக் கணிக்கப்படுகிறது. வேகம் மிகுந்தால், ஒரு கணிப்பிற் சுவரின் உள்ளே நின்ற வட்டு அடுத்த கணிப்பில் வெளியே நிற்கும். சுவரைத் தொட்ட கணமே இராது. ஆகவே, வந்து நின்ற இடத்தை மட்டும் பாராமல், கடந்து வந்த வழியையும் கணிக்கும்படி ஆணை எழுத வேண்டுமாம். வள்ளுவர் சொன்ன அரங்கை வகுக்க இன்று இத்துணைக் கணக்கு வேண்டியிருக்கிறது என்று எண்ணி வியந்தேன்.

வலைவழி ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் அவனே சொன்னான். "அதுல சேதி போய்வரச் சுணங்கும், சேர். நான் காணுற வட்டு வேற, அவன் காணுற வட்டு வேற. இதுல ரெண்டு பேரும் ஒண்டத்தான் காணுறோம்."

அச்சொல்லைக் கேட்டபோது என் பழைய முழக்கங்களை எண்ணி நாணினேன். பிள்ளை எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்று கேட்டேனேயன்றி, யாரோடு ஆடுகிறான் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. கள்ள ஆட்டம் ஆடினால் கையைப் பிடிக்கவும், தோற்றவன் முகம் வாடினால் நிறுத்திக்கொள்ளவும், வென்றபின் தேநீர் வாங்கிக் கொடுக்கவும் எதிரில் ஓர் ஆள் இருக்கும் ஆட்டமும், அவ்வாள் இல்லாத ஆட்டமும் ஒன்றல்ல. ஆசிரிய நண்பர்களும் இனி அக்கேள்வியையே முதலிற் கேட்கும்படி வேண்டுகிறேன்.

"இன்னும் மூணு கிழமைதான், சேர்" என்றான் இளையவன். "இவன் கட்டாருக்குப் போறான்."

நான் துறைமுகத்தைப் பார்த்தேன். டென்மார்க்கின் உதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் முதலாம் நாள் திறக்கப்பட்டது அது. கரையோடு வடக்கு நோக்கி நகரும் மணலைக் கற்சுவர்கள் மறித்தன. துறைமுக வாய் மேடிட்டுப் படகுகள் போகவும் வரவும் இயலாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கின. வடபுறத்துக் கரையோ மணல் வரவின்றி அரிப்புண்டு, தென்னைகள் கடலில் வீழ்ந்தன. அரங்கின்றி வட்டாடுவோரை வள்ளுவர் பாடினார். இங்கே அரங்கு அமைந்தும் ஆட்டம் அமையவில்லை. மூத்தவனின் வாப்பா படகுத் தொழிலாளி. மகன் ஏன் விமானம் ஏறுகிறான் என்று நான் கேட்கவில்லை.

"அங்க இருந்தும் வலையில ஆடலாம்தானே?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆடலாம், சேர்" என்றான் அவன். பிறகு மெல்ல, "ஆனா பெட்டிக்கு அந்தப் பக்கம் ஆள் இரிக்காதே" என்றான்.

அவன் போய்விட்டான். அடுத்த வாரம் நடந்து சென்றபோது, அதே மீன்பெட்டியின் அருகில் இளையவன் தனியே அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசி அவனுடைய சட்டைப் பையிலே இருந்தது. என் ஐம்பது வயது கடந்த முழங்கால்கள் முறுமுறுத்தன. எனினும் பெட்டியின் மறுபுறத்தில் மெல்லக் குந்தி, "எடுங்க மகன், எனக்கும் சொல்லித் தாங்க" என்றேன்.

ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றேன். அந்த ஒன்றையும் அவன் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான் என்றே நினைக்கிறேன்.