மாதிரி விமானத்திற்கு ஏற்ற டிரான்ஸ்மிட்டர் எது?

ஆகாயத்தில் வட்டமிடும் பருந்தைப் பார்த்து, நாமும் இப்படிப் பறக்கலாகாதா என்று எண்ணாதவர் இலர். எல்லோராலும் விமானம் ஓட்ட முடியாது. ஆனால் தரையில் நின்றபடியே ஒரு சிறு விமானத்தை வானில் ஏற்றி, விரும்பிய பக்கம் திருப்பி, மீண்டும் நம் காலடியில் இறக்க முடியும். இதற்கு ஏரோமாடலிங் என்று பெயர். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இது ஒரு பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் இதற்குப் போட்டியும் உண்டு.

பத்தாம் வகுப்பில் ஒருவரும் எட்டாம் வகுப்பில் ஒருவருமாக இப்பள்ளியில் பயிலும் சகோதரிகள் நாங்கள். எங்கள் அம்மாவும் இதே பள்ளியில் படித்தவர்தாம். பிறகு வெளியூர்க் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் சேர்ந்து மாதிரி விமானம் விடக் கற்றார். அவருடைய ஆர்வத்தைக் கண்டு, சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமா ஒரு ரேடியோ பெட்டி வாங்கி வந்து கொடுத்தாராம். 2003-ஆம் ஆண்டு அம்மாவுக்குத் திருமணம் நடந்தது. பெட்டி பரண்மேல் ஏறியது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் தொடவில்லை.

சென்ற கிறிஸ்துமஸுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது அதை நாங்கள் கீழே இறக்கினோம். தூசி தட்டிக் கையில் கொடுத்ததும் அம்மாவின் இரு கட்டை விரல்களும் தாமாகவே இரு குச்சிகளின்மேல் போய் அமர்ந்தன. "இன்னொரு தடவை விட்டுப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டோம். "இந்த வயசுல எனக்கு எதுக்குக் கண்ணு இதெல்லாம்?" என்றார். ஆனால் அன்றிரவு வெகுநேரம் அந்தப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அப்பா, "சீட்டுப் பணம் வருதில்ல, புதுசா ஒண்ணு வாங்கிக்க" என்றார். எதை வாங்குவது? அக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

பெட்டி செய்யும் வேலை

கையில் இருக்கும் பெட்டி டிரான்ஸ்மிட்டர். விமானத்தினுள் இருப்பது ரிசீவர். பெட்டியில் உள்ள இரண்டு குச்சிகளும் மேலும் கீழும், இடமும் வலமும் அசையும். ஆகவே இரண்டு குச்சிகளால் நான்கு கட்டளைகளை இடலாம். மோட்டாரின் வேகத்துக்கு த்ராட்டில், மூக்கை ஏற்றி இறக்க எலிவேட்டர், வாலைத் திருப்ப ரட்டர், இறக்கையைச் சாய்க்க எய்லரான். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சானல் வேண்டும்.

குச்சியின் நிலை மின் துடிப்பாக மாறுகிறது. துடிப்பின் நீளம் ஒரு மில்லி வினாடியானால் ஒரு கோடி, இரண்டு மில்லி வினாடியானால் மறு கோடி, ஒன்றரையானால் நடு. பழைய பெட்டிகளில் வினாடிக்கு ஏறத்தாழ 50 முறை இக்கட்டளை விமானத்துக்குப் போகும். அங்குள்ள சர்வோ என்னும் சிறு மோட்டார் அதற்கேற்பக் கம்பியைத் தள்ளும், இழுக்கும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை ரேடியோ அலையால் இயக்கிக் காட்டினார். 1937-ல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள்.

பழைய பெட்டி உதவுமா?

அம்மாவின் பெட்டிக்குப் பின்னால் 72 மெகா ஹெர்ட்ஸ் என்று ஒட்டியிருந்தது. இழுத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் ஆண்டெனா. இப்போது விற்பவை 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்பவை. அவற்றின் ஆண்டெனா நம் விரல் அளவே. இதற்குக் காரணம் நம் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. அலையின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். ரேடியோ அலையின் வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். அதை 7.2 கோடியால் வகுத்தால் நான்கு மீட்டருக்குச் சற்று அதிகம்; அதில் கால் பங்கு ஒரு மீட்டர். 240 கோடியால் வகுத்தாலோ பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். அதில் கால் பங்கு மூன்று சென்டிமீட்டர்.

வேறொரு பெரிய வேறுபாடும் உண்டு. அக்காலப் பெட்டிக்குள் ஒரு கிரிஸ்டல் இருக்கும். அது ஓர் அலைவரிசையை மட்டுமே தரும். ஒரே மைதானத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் பெட்டியை முடுக்கிவிட்டால் பறந்துகொண்டிருக்கும் விமானம் எவர் சொல்லையும் கேளாமல் விழும். அதற்காக மைதானத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்களாம். தம் அலைவரிசைக்குரிய முளையை எடுத்துக்கொண்டவர் மட்டுமே பெட்டியை முடுக்கலாம். இன்றைய பெட்டிக்கோ தனி அடையாள எண் உண்டு. ஒரு முறை ரிசீவரோடு இணைத்துவிட்டால், அந்த ரிசீவர் தன் பெட்டியின் பேச்சை மட்டுமே கேட்கும். 2005-ல் இந்திய அரசு, வரையறுத்த ஆற்றலுக்குள் இயங்கும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் கருவிகளுக்கு அலைவரிசை உரிமம் வேண்டாம் என்று விதி செய்தது.

அம்மாவின் பெட்டியிலோ பாட்டரி கசிந்து தகடுகளில் பச்சை பூத்திருந்தது. ஆகவே அதை நினைவுப் பொருளாக அலமாரியில் வைத்துவிட்டோம்.

கையின் பழக்கம் முதலில்

புதியதாகக் கற்பவர் எதையும் வாங்கலாம். மீண்டும் வருபவர் அப்படி வாங்கக் கூடாது. இது நாங்கள் நஷ்டப்பட்டுக் கற்ற பாடம்.

குச்சிகளுக்குக் கட்டளைகளைப் பிரித்துக் கொடுப்பதில் பல முறைகள் உண்டு. முக்கியமானவை இரண்டு. முதல் முறையில், அதாவது மோட் ஒன்றில், இடக் குச்சியில் எலிவேட்டரும் ரட்டரும். வலக் குச்சியில் த்ராட்டிலும் எய்லரானும். இரண்டாம் முறையில் இடக் குச்சியில் த்ராட்டிலும் ரட்டரும். வலக் குச்சியில் எலிவேட்டரும் எய்லரானும். அம்மா கற்றது முதல் முறை. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாம் முறை.

இதைப் பெரிதாக நினைக்காமல், உறவினர் ஒருவரிடம் இரண்டாம் முறைப் பெட்டியும் தெர்மோகோல் போன்ற நுரைப் பொருளால் ஆன ஒரு விமானமும் இரவல் வாங்கினோம். முதல் இரண்டு சுற்றுகள் நன்றாகவே போயின. மூன்றாம் சுற்றில் விமானம் வேகம் குறைந்து தாழ்ந்தது. உடனே அம்மா மோட்டாரின் வேகத்தைக் கூட்ட வலக் குச்சியை முன்னே தள்ளினார். அந்தப் பெட்டியில் அது எலிவேட்டர். மூக்கு கீழே கவிழ்ந்து விமானம் உழவு நிலத்தில் குத்தியது. மூக்கு உடைந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "எனக்கு மறந்துபோச்சு, விடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அவர் மறக்கவில்லை என்பதே உண்மை. மறந்திருந்தால் யோசித்திருப்பார். மறக்காததனால்தான் கை முந்திக்கொண்டது. ஆபத்து வேளையில் அறிவைவிடப் பழக்கமே வேகமாக வேலை செய்யும். ஆகவே மீண்டும் வருபவர் முதலில் கேட்க வேண்டியது, "என் கை எந்த முறையில் பழகியது?" என்பதே. இன்றைய பெட்டிகள் பலவற்றில் இம்முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திரையில் மாற்றினால் மட்டும் போதாது. கையை எடுத்ததும் எலிவேட்டர் குச்சி நடுவுக்குத் திரும்ப வேண்டும். த்ராட்டில் குச்சி வைத்த இடத்தில் நிற்க வேண்டும். ஆதலால் பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைச் செய்து தரச் சொல்வது நல்லது.

கவனிக்க வேண்டிய மற்றவை

சானல்கள்: பத்து, பதினாறு என்று சானல்களைக் கூறி ஆசை காட்டுவார்கள். சாதாரண விமானத்துக்கு நான்கு போதும். பின்னாளில் வேறு உறுப்புகள் சேர்க்க விரும்பினாலும் ஆறு தாராளம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி.

ரிசீவர்: ஒவ்வொரு கம்பெனியின் பெட்டியும் ஒரு தனி மொழி பேசுகிறது. ஃப்யூடாபா, ஸ்பெக்ட்ரம், ஃப்ளைஸ்கை முதலியவை ஒன்றின் மொழியை மற்றொன்று அறியா. ஆகையால் பெட்டி வாங்கும்போது அதன் ரிசீவர் குடும்பத்தையே வாங்குகிறோம். ரேடியோமாஸ்டர் போன்ற சில பெட்டிகளில் பல மொழி பேசும் வகையும் கிடைக்கிறது. நம் தருமபுரியில் இருப்பவர்கள் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பொருளை வரவழைக்க நேரலாம். ஆகவே ரிசீவர் எளிதில், மலிவாகக் கிடைக்குமா என்பதை விசாரித்துவிட்டுப் பெட்டியை வாங்க வேண்டும்.

ஃபெயில்சேஃப்: அலை அறுந்துபோனால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கும் வசதி இது. மோட்டார் உடனே நின்றுவிடும்படி அமைக்க வேண்டும். அமைத்தபின் விசிறியைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போது பெட்டியை அணைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் நின்றால்தான் பறக்கவிடலாம். பழைய பெட்டியில் பழகியவர்கள் இதைத் தவிர்த்துவிடக் கூடாது. சுழலும் விசிறியோடு ஊருக்குள் போகும் விமானம் விளையாட்டுப் பொருளன்று.

கைக்கு அடக்கம்: பெட்டியை ஒரு முறையாவது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். எடை அதிகமானால் பத்து நிமிடத்தில் கை ஓயும். வெயிலில் திரை தெரிகிறதா, பாட்டரி குறைந்தால் ஒலி எழுப்புகிறதா, தூரத்தைச் சோதிக்க ஆற்றலைக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்டா என்பவற்றையும் கேட்க வேண்டும்.

பயிற்சி இணைப்பு: இரண்டு பெட்டிகளை இணைத்தால் ஒன்று ஆசிரியைக்கு, மற்றொன்று மாணவிக்கு. ஆசிரியை ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மாணவி ஓட்டுவார். விட்டதும் விமானம் ஆசிரியையின் கைக்கு வந்துவிடும். ஆசிரியை முதல் முறையிலும் மாணவி இரண்டாம் முறையிலும் ஓட்டலாம் என்பது இதன் சிறப்பு. இரண்டு பெட்டிகளின் அமைப்பும் ஒத்துப்போகின்றனவா என்று தரையிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வசதிதான் எங்கள் வீட்டில் முடிவைத் தந்தது. சீட்டுப் பணத்தில் ஒரு பெரிய பெட்டி வாங்கலாம் என்றிருந்த அம்மா, அதை விட்டுவிட்டு ஆறு சானல் உள்ள சாதாரணப் பெட்டிகள் இரண்டு வாங்கினார். ஒன்று அவர் கைக்கு ஏற்ற முதல் முறை. மற்றது எங்களுக்கு, இன்று பலரும் ஓட்டும் இரண்டாம் முறை.

எங்கே, எப்போது விடுவது?

2.4 கிகா ஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் செல்லும். மாந்தோப்பும் புளியமரமும் குன்றும் இடையில் வந்தால் தடைப்படும். ஆகவே திறந்த வெளியே வேண்டும். ஆண்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டக் கூடாது. நுனித் திசையில்தான் அலை மிகக் குறைவு. கேழ்வரகு அறுத்த காடும் வற்றிய ஏரியும் நம் மாவட்டத்தில் நல்ல மைதானங்கள். மின்கம்பிகளுக்கு அருகே வேண்டாம். காற்று எழுமுன் காலையிலேயே விட வேண்டும்.

சட்டத்தையும் அறிய வேண்டும். 2021 ஆகஸ்ட் 25-ல் வெளியான டிரோன் விதிகளில் மாதிரி விமானங்களும் அடங்கும். அவை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே பறக்க வேண்டும். பச்சைப் பகுதியில் உயரம் 400 அடிக்குள். வியாபார நோக்கமின்றி 2 கிலோ வரை எடையுள்ளதை விடுபவருக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. பறக்கவிடுமுன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொப்பூருக்குத் தெற்கே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருப்பதால் அப்பக்கத்தினர் மேலும் கவனமாக இருத்தல் நலம்.

"இதனால் என்ன பயன்?" என்று பெற்றோர் கேட்கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் டாக்டர் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். அங்குள்ள தக்ஷா குழுவினர் 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்கள். இப்படிப்பட்ட விமானங்களைச் செய்து சோதிப்பவர்கள் கையில் பிடிப்பதும் இத்தகைய பெட்டியைத்தான்.

நாங்கள் பெற்ற பயன்

ஒரு ஞாயிறு, காலைத் திருப்பலி முடிந்ததும் ஏரிக்குப் போனோம். அம்மா ஏற்றினார். மூன்று சுற்றுக்குப்பின், "இப்ப நீங்க" என்று பொத்தானை அழுத்தினார். எங்கள் கை நடுங்கியது. திரும்பும்போது காற்று இறக்கையைத் தூக்கிவிட்டது. விமானம் சாய்ந்து கீழே பாய்ந்தது. நாங்கள் கூவினோம். அம்மா பொத்தானை விட்டார். மூக்கு நிமிர்ந்தது; விமானம் கருவேல மரங்களுக்குமேல் ஏறி நேராகப் பறந்தது. அவர் முகத்தில் பதற்றமே இல்லை. அம்மா பழைய மாணவி என்பதை அன்றுதான் நாங்கள் கண்ணால் கண்டோம்.

அன்புத் தோழியரே, விலை உயர்ந்த பெட்டி விமானத்தைக் காப்பாற்றுவதில்லை. கைக்குப் பொருந்திய பெட்டியும் பழகிய கையுமே காப்பாற்றும். நன்றாகக் கற்றது இருபது ஆண்டு பரண்மேல் கிடந்தாலும் அழியாது. உங்கள் வீட்டுப் பரண்மேலும் உங்கள் அம்மாவின் வீணையோ, வரைபலகையோ, பந்தாட்ட மட்டையோ இருக்கலாம். இந்த விடுமுறையில் அதைக் கீழே இறக்கித் தூசி தட்டி அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு