வடத்தின் நீளமும் செய்தியின் வேகமும்

மிளகாய், வெங்காயப் பாத்திகளில் மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரிகளை நாட்டி, அவை அனைத்தையும் ஒரே வடத்தினால் கிணற்றடிப் பம்பியின் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் இணைக்கும் முறை இன்று கமக்காரர்க்குக் கிடைக்கக்கூடியது. இவ்வமைப்பு வீட்டு முற்றத்திற் சோதிக்கும்போது செவ்வனே இயங்கி, வயலில் நீட்டியபின் தவறிவிடுவதுண்டு. பெட்டிக்குச் செய்தி வராதுவிடின் பம்பி இயங்காது, பயிர் வாடும். உணரியே பழுதென எண்ணி வீணே பணஞ் செலவிடுவோரும் உளர். வடத்தின் நீளத்துக்கு ஒவ்வாத வேகமே குற்றமாயிருத்தல் கூடும்.

உணரி தன் அளவை மின் துடிப்புக்களாக ஒன்றன்பின் ஒன்றாய் அனுப்புகின்றது. ஒரு துடிப்பு ஒரு பிட் எனப்படும். வடம் நீளுந்தோறும் துடிப்பு மெலிந்து மழுங்கும். மடைப் பலகையைச் சட்டென இறக்கினால் வாய்க்கால் நீர் அலையாய்த் திரும்புவதுபோல, வடத்தின் முனையில் மோதிய துடிப்பும் திரும்பிவந்து கலக்கும். துடிப்பு நீண்டதாயின் இக்கலக்கம் அடங்கியபின் பெட்டி அதனை வாசிக்கும். குறுகியதாயின் அடங்குமுன்னரே அடுத்தது வந்துவிடும்.

இவ்வகை வடங்களுக்கென 1983ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஸ்.-485 நியமத்தின்படி அமைப்போர் கைக்கொள்ளும் அளவு இதுவாகும்: செக்கனுக்கு 100,000 பிட் வரையாயின் 1,200 மீற்றர் வரை நீட்டலாம், ஒரு கோடி பிட்டாயின் 12 மீற்றர் அளவே தகும்.

உழவு இயந்திரத்தையும் அதன் பின்னே பூட்டுங் கருவியையும் இணைக்கும் ஐசோ 11783 வடத்தின் தேவை வேறு. ஓடும்போதே கருவி கட்டளைக்கு இணங்க வேண்டியிருத்தலின் அங்கு செக்கனுக்கு 250,000 பிட் செல்லும். அதனால் வடமும் 40 மீற்றரைத் தாண்டலாகாது. மண்ணின் ஈரமோ மணிக்கணக்கில் மாறுவது. செக்கனுக்கு 9,600 பிட் என்னும் வேகத்திலேயே இருபது உணரிகளைச் சில செக்கன்களில் விசாரித்து முடிக்கலாம். அதற்கு மேற்பட்ட வேகத்தால் வயலுக்கு யாதொரு பயனுமில்லை.

வடம் முறுக்கிய இரட்டைக் கம்பியாயிருத்தல் வேண்டும். அதனை மரக்கிளைபோற் பிரிக்காது, ஓர் உணரியிலிருந்து அடுத்ததற்கென ஒரே கோடாய்க் கொண்டு செல்க. இரு முனைகளில் மாத்திரம் 120 ஓம் தடையைப் பூட்டுக. திரும்பும் அலையை அது விழுங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் செய்தி விட்டுவிட்டு வருமாயின், புதிய உணரி வாங்குமுன் வேகத்தைக் கவனிக்க. 115,200 என அமைந்திருப்பின் 9,600க்கு இறக்குக. பெட்டியிலும் எல்லா உணரிகளிலும் அதே எண்ணை இடல் வேண்டும். மாற்ற மறந்த உணரி பெட்டிக்கு விடை கூறாது.